முப்பத்தேழாம் நம்பர் ஸ்டிக்கர்

பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வீட்டுக்காரியும் உன் மகளும் சௌக்கியம். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்கலாம் என்றால் உங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம்தான் போனைக் கையில் தருகிறார்கள். அதையும் குட்டியே பிடுங்கிக்கொள்கிறாள். ஆகவே நமக்குக் கடிதம்தான்.

ஒரு சந்தோஷமான சேதி. எங்கள் கிளப்பின் பயிற்சிக் கிளைடருக்குப் புதுத் திரை வாங்கப் போகிறார்கள். எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கிளைடருக்கு எஞ்சின் கிடையாது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். கயிற்றில் கட்டி இழுத்து மேலே விட்டுவிடுவோம். அப்புறம் வெயிலில் சூடாகி எழும்புகிற காற்றைத் தேடிப் பிடித்து ஏற வேண்டும். எங்கே இருக்கிறோம், இப்போது இருக்கிற உயரம் கிளப்புக்குத் திரும்பி வரப் போதுமா என்பதையெல்லாம் அந்தத் திரைதான் காட்டும். உறுப்பினர்கள் அவரவர் சொந்தக் கிளைடரில் பளபளவென்று மாட்டியிருக்கிறார்கள். பயிற்சிக் கிளைடர் என்று வந்தால் மட்டும் அத்தனை பேருக்கும் சிக்கனம் ஞாபகம் வந்துவிடும். அதில் இருக்கிற பழைய திரையில் எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாது.

மூன்று மாதிரிகள் வந்திருக்கின்றன. ஒன்று பெரியது, கலர், விரலால் தொட்டாலே போதும். ஆனால் நாலு மணி நேரத்தில் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். இரண்டாவது வெயிலில் நன்றாகத் தெரிகிறது, எழுத்துதான் எறும்பு மாதிரி. மூன்றாவது எங்கள் கிளைடரின் கருவிப் பலகையில் இருக்கிற எண்பது மில்லிமீட்டர் ஓட்டையில் அளவெடுத்ததுபோல் உட்கார்ந்துவிட்டது. பெரிய எழுத்து. நாலே நாலு பொத்தான், கையுறையோடு அமுக்கலாம். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் உங்கள் கம்பெனிப் பெயர்! பின்பக்கம் ஒரு சின்னப் பச்சை ஸ்டிக்கர், அதில் 12 என்று போட்டிருக்கிறது. அது யார்? உன் நம்பர் என்ன?

சீக்கிரம் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


பிப்ரவரி 24

என் தம்பிக்கு,

இடுப்பு பரவாயில்லை. உட்காரும்போது வலி, நிற்கும்போது இல்லை. வேலை நின்றுகொண்டுதான் என்பதால் கம்பெனிக்கு நஷ்டம் இல்லை. குட்டியின் பல்லை எடுத்து வைத்திருக்கிறீர்களா? எறிந்துவிட வேண்டாம்.

உன் கடிதத்தை என் அறையில் இருக்கிற ஆறு பேருக்கும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் செய்கிற பொருளை ஒருத்தரும் கண்ணால் பார்த்ததில்லை, மாட்டின இடத்தில். நாங்கள் பார்ப்பதெல்லாம் அட்டைப்பெட்டி வரைக்கும்தான்.

அந்த ஸ்டிக்கர் நாங்கள் ஒட்டுவதுதான். திரையைச் சூட்டுப் பெட்டியில் வைத்து, எழுபது டிகிரியில் நாலு மணி நேரம் விடுவோம். சில திரைகள் சூட்டில் மை கொட்டினதுபோல் கறுத்துவிடும். ஆறினால் ஒன்றும் நடக்காததுபோல் பழையபடி ஆகிவிடும். அதனால் சூடாக இருக்கும்போதே கண்ணால் பார்க்க வேண்டும். கறுக்காததில் மட்டும் அவரவர் நம்பரை ஒட்டுவோம். பன்னிரண்டாம் நம்பர், இங்கே பத்து வருஷமாக இருந்த ஒரு அக்கா. நான் முப்பத்தேழு. உன் அத்தான் என்னைக் கடைக்குக்கூட நம்பி அனுப்பியதில்லை. இங்கே என் நம்பரைப் பார்த்துத்தான் பெட்டியை மூடுகிறார்கள்.

புது சூப்பர்வைசர் வந்திருக்கிறார். கையில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச். அவருக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்துவிட்டோம். இந்த மாதத்திலிருந்து ஒரு நாளைக்கு ஆளுக்கு நூறு திரை இல்லையாம், இருநூறாம். பெட்டி மட்டும் அதே பெட்டி.

உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பல் ஒரு தீப்பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

நேற்று கமிட்டிக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டார்கள் என்றால், கதவோரம் நிற்க வைத்தார்கள். ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள், நாலு நாற்காலி காலியாகக் கிடந்தது. மூன்றாவதுதான் சரி என்று சொன்னேன். செயலாளர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "மூடிக்குள்ள மத்தியானம் எவ்வளவு சூடு இருக்கும்னு தெரியுமாப்பா உனக்கு?" என்றார். பதினொரு வருஷமாக அந்தக் கண்ணாடி மூடிக்குள் தலையை விட்டு ஸ்க்ரூ முடுக்குகிறவன் நான். தெரியுமா என்று என்னைக் கேட்கிறார்.

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. எங்க அக்காதான் அதைச் சூட்டில் வைத்துச் சோதிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தர், "அப்போ குடும்ப வியாபாரம்" என்றார். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. அவரைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறார். ஆறு வருஷம் சீட்டுப் போட்டுச் சேர்த்து இங்கே பயிற்சிக்கு வந்தவர். பயிற்சி எடுப்பவர்கள் சார்பில் கூட்டத்துக்கு வந்திருந்தார். "செஞ்சவங்களையே கேக்கலாம்னா அதைவிட என்ன வேணும்? கேட்டுச் சொல்லுங்க தம்பி" என்றார். இந்தக் கிளப்பில் என்னைத் தம்பி என்று கூப்பிடுகிற ஒரே ஆள். மற்றவர்களுக்கு நான் "ஏய், ஸ்பேனர்".

ஆகவே கேட்கிறேன். கம்பெனிக்காரி பதில் வேண்டாம், என் அக்காவாகச் சொல். அது வெயிலைத் தாங்குமா? இருபதாம் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். உடனே எழுது.

உன் தம்பி


ஏப்ரல் 5

தம்பிக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. நடுவில் காய்ச்சல். இப்போது பரவாயில்லை. விடுதியில் தண்ணீர் இரண்டு வேளைதான் வருகிறது. வார்டன் துணி காயப்போடும் கம்பிக்கும் டைம் டேபிள் போட்டுவிட்டாள். குட்டிக்குப் பரீட்சை மார்க் வந்துவிட்டதா? கணக்கில் அவள் என்னை மாதிரி ஆகிவிடக் கூடாது.

திரையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நிறையப் பேர் வாங்குகிறார்கள். நீயே பார்த்துச் செய். எனக்கு என்ன தெரியும், ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். உன்னிடம் இருக்கிற அந்தப் பன்னிரண்டாம் நம்பர் மாதிரியையே பொருத்திக்கொண்டால் நல்லது. அந்த அக்கா பார்த்தது என்றால் பார்த்ததுதான்.

என் படத்தை இந்த மாதம் கேன்டீன் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். மாதத்தின் சிறந்த பணியாளர் என்று போட்டு. கீழே உட்கார்ந்து சாப்பிடவே கூச்சமாக இருக்கிறது.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அக்கா


ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

படம் மாட்டின விஷயத்தைக் கடைசியில் ஒரு வரியாக எழுதுகிறாய்! குட்டி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். அவள் சொல்லிச் சொல்லி இப்போது நீ கம்பெனிக்கே முதலாளி ஆகிவிட்டாய். கணக்கில் அறுபத்தெட்டு. உன்னை மாதிரி இல்லை, பயப்படாதே.

உன் பதில் வராமலே கமிட்டி முடிவு சொல்லிவிட்டது. நான்தான் சொல்ல வைத்தேன். என் அக்கா தாங்கும் என்று சொல்லிவிட்டாள் என்று செயலாளரிடம் சொன்னேன். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று எனக்குத் தெரியாதா?

மாதிரிப் பெட்டி திரும்பப் போய்விட்டது. வியாபாரியிடம் புதிது எடுக்க நானே போனேன். சொன்னால் சிரிப்பாய். "ஒண்ணுதானே வேணும், ஏன் எல்லாத்தையும் பிரிக்கறே?" என்று கடைக்காரர் கத்தக் கத்த, பதினோரு பெட்டியைத் திறந்து பின்பக்கம் பார்த்தேன். 22, 9, 41, மறுபடி 22. பதினொன்றாவது பெட்டியில் 37. கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது. நீ சின்ன வயதில் என் நோட்டுக்கு அட்டை போட்டால் அப்படித்தான் கோணிக்கொண்டு நிற்கும்.

பொருத்தியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில் குட்டியைக் கூட்டிப் போய்ப் பின்பக்கத்தைக் காட்டினேன். விரலை வைத்து, "அம்மா" என்றாள்.

டீச்சர் ஜூன் முதல் வாரத்தில் முதல் தடவையாகத் தனியாகத் தூரம் போகப் போகிறார். நூறு கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். உன் திரையை நம்பித்தான்.

உன் தம்பி


மே 3

தம்பிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நினைக்கிறேன்.

அந்தத் திரையை இப்போதைக்குக் கழற்றி வைக்க முடியுமா? புது மாடல் வரப்போவதாகப் பேசிக்கொள்கிறார்கள். இல்லையென்றால் 22 போட்ட பெட்டி ஏதாவது இருந்தால் மாற்றிக்கொள். அவள் போன வருஷமே வேலையை விட்டுவிட்டாள், அது அதற்கு முன் ஒட்டியதாக இருக்கும். வெயில் காலம் முடிந்து மாட்டினால் என்ன? அவசரம் ஒன்றும் இல்லையே.

குட்டிக்கு ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன். நீளம் அதிகம் என்றால் மடித்துத் தைக்கச் சொல், வெட்ட வேண்டாம்.

அக்கா


மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

கவுன் முழங்காலுக்குக் கீழே நிற்கிறது. மடித்துத் தைத்தாயிற்று.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கழற்று என்கிறாய். ஏன் என்று ஒரு வார்த்தை இல்லை. நான் அந்த ஏழு பேர் முன்னால் திரும்பவும் கதவோரம் நின்று, என் அக்கா மார்ச்சில் நல்லது என்றாள், இந்த மாதம் வேண்டாம் என்கிறாள் என்று சொல்ல வேண்டுமா? ஏற்கெனவே செயலாளர் என்னைப் பார்த்தால், "என்னப்பா, உங்க குடும்பத் திரை எப்படி இருக்கு?" என்கிறார். புது மாடல் வருகிறது என்று காத்திருக்க இது கல்யாணப் புடவை இல்லை.

காரணம் இருந்தால் நேராக எழுது. எழுது, நாளைக்கே கழற்றுகிறேன். என் மானம் போனாலும் போகட்டும். இல்லை, இவ்வளவு பெரிய மனிதர்கள் கண்ணில் உன் நம்பர் படுகிறதே என்ற கூச்சம்தான் என்றால் அதை விடு. நம் வீட்டில் யார் பெயரும் எந்தப் பொருள் மேலும் இருந்ததில்லை. இருக்கட்டும்.

டீச்சர் ஜூன் நாலாம் தேதி போகிறார். அதற்குள் பதில் போடு.

உன் தம்பி


ஜூன் 19

அக்காவுக்கு,

குட்டி நலம். நாங்கள் நலம். உன் பதில் வரவில்லை.

நாலாம் தேதி டீச்சர் விழுந்துவிட்டார். உயிருக்கு ஒன்றும் இல்லை. நீயாக எதையும் நினைத்துக்கொள்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

காற்று வரட்டும் என்று பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு மணி வரை கிளைடரை வெயிலிலேயே நிறுத்திவைத்திருந்தோம். மூடிக்குள் கை வைக்க முடியவில்லை. திரை லேசாக மங்கினதாம், மேலே ஏறினதும் குளிர்ந்து சரியாகிவிட்டதாம். டீச்சர் போக வேண்டிய இடத்துக்குப் போய்த் திரும்பியும் விட்டார். கடைசிப் பதினெட்டு கிலோமீட்டர். வெயில் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராகத் திரை மேல் அடித்திருக்கிறது. உயரம் போதும், வந்து சேரலாம் என்று திரை காட்டிக்கொண்டே இருந்தது, அப்படியே கறுத்துவிட்டது என்கிறார். மடியில் வரைபடம் இருந்தது. திரை திரும்பி வருமா வருமா என்று பார்த்ததில் ஒரு நிமிஷம் போய்விட்டது. அந்த ஒரு நிமிஷத்தில் நல்ல வயலெல்லாம் பின்னால் போய்விட்டது. கடைசியில் கிடைத்த வயலில் இறங்கி, மண்மேட்டில் மோதிவிட்டார். இடது கணுக்கால் நொறுங்கிவிட்டது. இடுப்பிலும் முறிவு.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். "தம்பி, திரை கறுத்துப்போச்சு" என்றார். வலிக்கிறது என்று அப்புறம்தான் சொன்னார்.

பேட்டரி பழையது, அதனாலும் இருக்கலாம். விசாரணை இருக்கிறது. உன்னை யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அதை நான் பார்த்துக்கொண்டேன். நீ வேலையைப் பார்.

தம்பி


ஜூலை 2

தம்பிக்கு,

டீச்சர் நடப்பாரா? வகுப்பில் நிற்க முடியுமா? அவருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்?

பார்த்துக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறாய். எதைப் பார்த்துக்கொண்டாய்?

அக்கா


ஆகஸ்ட் 10

அக்காவுக்கு,

குட்டி நலம்.

விசாரணை முடிந்துவிட்டது. கிளப்பின் கூட்ட அறையில்தான் நடந்தது. வெளியில் வெயில் கொளுத்தியது, உள்ளே ஏசி. விசாரணைக்கு வந்த அதிகாரி திரைக்குக் கரண்ட் கொடுத்தார். அது பட்டப்பகல் மாதிரி எரிந்தது. அரை மணி நேரம் எரியவிட்டார்கள். ஒரு குறையும் இல்லை. டீச்சர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சூடாக்கிப் பாருங்கள் என்று கேட்டார். அந்த வசதி இங்கே இல்லை, கம்பெனிக்கு எழுதினோம் என்றார்கள்.

உங்கள் கம்பெனியிலிருந்து ஒரு பக்கத்தில் பதில் வந்திருந்தது. தங்கள் சோதனை ஸ்டிக்கர் இல்லாத பொருளுக்குத் தாங்கள் பொறுப்பில்லையாம். யாரோ பிரித்து மாற்றியிருக்கலாமாம். அதிகாரி என்னைப் பார்த்து, பொருத்தும்போது ஸ்டிக்கர் இருந்ததா என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றேன்.

பதினோரு பெட்டியைத் திறந்தவன், கவனிக்கவில்லை என்றேன்.

வயலில், டீச்சரை வண்டியில் ஏற்றி அனுப்பியதும், ஆட்கள் வருவதற்குள் கையை விட்டு அதைப் பிய்த்துவிட்டேன். உன் நம்பரைப் பார்த்தால் உன்னைத் தூக்கிவிடுவார்கள், கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், நான் காப்பாற்றியது உன்னை இல்லை, உன் கம்பெனியை. அதற்கு எனக்குச் சம்பளம்கூட இல்லை.

தீர்ப்பு இதுதான்: கருவியில் கோளாறு இல்லை, ஓட்டியவரின் தவறு. செயலாளர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. டீச்சருக்குக் கிளப் நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை. உறுப்பினர்கள், "கணக்கு டீச்சருக்கே கணக்கு தப்பிடுச்சு" என்று பேசிச் சிரிக்கிறார்கள். அவரைப் பயிற்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் நாலு மாதம் சம்பளமில்லாத லீவு. கிளப்பை விட்டுப் போகும்போது என்னைப் பார்த்து, "நீங்க என்ன தம்பி பண்ணுவீங்க" என்றார். எனக்காக வருத்தப்பட்டார், அக்கா.

மே மாதம் எழுதினாயே, கழற்று என்று. ஏன் எழுதினாய்? இந்தத் தடவை பல், கவுன் என்று எழுதாதே. அதை மட்டும் எழுது.

தம்பி


செப்டம்பர் 6

தம்பிக்கு,

எழுதுகிறேன்.

சூட்டுப் பெட்டியில் ஆளுக்கு ஒரு தடவைக்கு ஐம்பது வைக்கலாம். ஆளுக்கு இருநூறு என்றால் நாலு மணி நேரம் வைக்க முடியாது. இருபது நிமிஷம் வைத்து எடுக்கச் சொன்னார் கடிகாரம். கண்ணாடி வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. பன்னிரண்டாம் நம்பர் அக்கா முடியாது என்று நாலு மணி நேரமே வைத்தாள். மெதுவாக வேலை செய்கிறாள் என்று பிப்ரவரி நடுவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வருஷம் இருந்தவள். ஒரு பையில் சாமான் எல்லாம் அடங்கிவிட்டது. அவள் போனதைப் பார்த்தபிறகு எங்களில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. மார்ச்சில் பெட்டியின் ஹீட்டரும் போய்விட்டது. சரிசெய்ய மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் பெட்டியைத் திறந்து மூடி ஸ்டிக்கர் ஒட்டினோம். எல்லோரையும்விட வேகமாக ஒட்டியது நான். அதற்குத்தான் சுவரில் படம்.

உன் கையில் கிடைத்த 37 அந்த மூன்று வாரத்தில் ஒட்டியதாக இருக்கலாம், முன்னால் ஒட்டியதாகவும் இருக்கலாம். எது என்று எனக்கே தெரியாது. எதையும் நான் பார்க்கவில்லை.

தாங்குமா என்று நீ கேட்டாய். மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். வார்டன் கடிதத்தைப் பிரிப்பதில்லை. யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. எழுதியிருக்கலாம். குட்டியின் பள்ளிக்கூடம், உன் வீட்டில் அவள் சாப்பாடு, எல்லாவற்றையும் நினைத்தேன் என்று எழுதலாம்தான். ஆனால் அது முழுக்க உண்மை இல்லை. நீ என்னைப் பற்றி அந்த ஏழு பேரிடம் பெருமையாகச் சொன்னாய் என்று எழுதியிருந்தாய். அதைக் கெடுக்க மனசு வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக யாரோ என்னைக் காட்டிச் சண்டை போட்டிருக்கிறார்கள். அதற்காக ஒரு மனுஷியின் கால்.

மே மாதம் உன் கடிதம் கைக்கு வந்ததும் பதில் எழுதி உறையில் போட்டேன். ஜூன் இரண்டாம் தேதி வரை என் தலையணைக்கடியில் இருந்தது. அப்புறம் நேரம் தாண்டிவிட்டது, இனி எதற்கு என்று நானே சொல்லிக்கொண்டேன். அந்த உறையையும் இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டினபடியே இருக்கிறது. தேதி மேலே எழுதியிருக்கிறது.

கூடவே தனியாக இரண்டு பக்கம் இருக்கிறது. விசாரணை அதிகாரிக்கு எழுதியது. பெயர், ஊர், எந்தத் தேதியிலிருந்து எத்தனை ஒட்டினோம், யார் சொன்னது, எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பன்னிரண்டாம் நம்பர் அக்காவின் விலாசமும் இருக்கிறது. அவளுக்கு எழுதிக் கேட்டுவிட்டேன். வருகிறேன் என்று ஒரு வரி போட்டாள்.

முதலில் டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடு. அதிகாரிக்கு அனுப்புவதா, என்ன செய்வது என்று அவரே சொல்லட்டும். ஸ்டிக்கரை நீ எறிந்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். அதையும் கொடு. நீ பொய் சொன்னது வெளியே வரும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அக்கா


அக்டோபர் 1

அக்காவுக்கு,

போன ஞாயிறு டீச்சர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஜூனிலிருந்து அவர் ஆஸ்பத்திரிக்கும் விசாரணைக்கும் மட்டும்தான் இறங்கியிருக்கிறார். அதுவும் நாலு பேர் தூக்கிக்கொண்டு. அவருடைய தங்கை கதவைத் திறந்தாள். முன்னறையிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். கட்டில்மேல் பரீட்சைத் தாள் ஒரு கட்டு. பக்கத்துப் பள்ளிக்கூடத்துத் தாள்களை வாங்கி வந்து திருத்திக் கொடுக்கிறார்.

"வாங்க தம்பி, உக்காருங்க" என்றார். உட்காரவில்லை. முதலில் இதைப் படியுங்கள் என்று உன் இரண்டு பக்கத்தையும் கொடுத்தேன். சிவப்புப் பேனாவைக் கையில் பிடித்தபடியே படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தார். அப்புறம் நான் பிரிக்காமலே கொடுத்த அந்த உறையைப் பிரித்தார். அதில் நீ என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது. எனக்கு எழுதியதுதான், ஆனால் என்னிடம் தரவில்லை. தாள் மேலே இருந்த தேதியை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"நாலு மாசமா என் கண்ணையே நான் நம்பல தம்பி" என்றார். "கறுத்துச்சா, நாமதான் பதட்டத்துல கறுத்துச்சுன்னு நினைச்சோமான்னு. டாக்டர்கிட்ட போய்க் கண்ணை செக் பண்ணிக்கிட்டேன்."

நான் ஸ்டிக்கரை எடுத்துக் கொடுத்தேன். என் அடையாள அட்டையின் பின்பக்கம், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தேன். வயலில் பிய்த்ததைச் சொன்னேன். விசாரணையில் சொன்னது பொய் என்றும் சொன்னேன். தங்கை அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள்தான், "வெளிய போங்க" என்றாள். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். என்மேல் இரக்கம் இல்லை அது. வேலை பாக்கி இருந்தது.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். "இதுல ஒட்டுங்க. எங்கேருந்து எடுத்தீங்க, எப்போ எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்க, உங்க கையாலேயே எழுதுங்க." ஒட்டப் பார்த்தேன், நிற்கவில்லை. நாலு மாதத்தில் பசையில் என் சட்டைத் தூசி எல்லாம் ஏறிவிட்டது. செல்லோடேப் கொடுத்தார். நான்கு ஓரமும் ஒட்டினேன். இந்தத் தடவையும் கோணலாகத்தான் வந்தது. எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஏன் எடுத்தேன் என்ற இடத்தில் அக்காவைக் காப்பாற்ற என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, "அப்போ என்னை?" என்று கேட்டார்.

மறுநாளே தங்கை எல்லாவற்றையும் நகல் எடுத்து அதிகாரிக்கு நேரில் கொடுத்துவிட்டாள். திரையைச் சூட்டுப் பெட்டி இருக்கிற வேறு இடத்துக்கு அனுப்புகிறார்களாம். செயலாளர் அன்று சாயங்காலமே என் ஸ்பேனர் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். "உன்னை நம்பினோமே" என்றார். யாரை நம்பினார்கள் என்று தெரியவில்லை. எனக்கு அதைக் கேட்க வாய் இல்லை இப்போது.

உனக்கும் அங்கே கடிதம் வந்திருக்கும். இந்த நேரம் கேன்டீன் சுவரிலிருந்து படத்தைக் கழற்றியிருப்பார்கள். என்ன ரயில், என்றைக்கு என்று எழுது. ஸ்டேஷனுக்குக் குட்டியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அம்மா ஏன் வருகிறாள் என்று கேட்டாள். வேலை போய்விட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். மீதியை நீ சொல்.

வந்ததும் டீச்சரைப் பார்க்க வேண்டும் என்பாய். கூட்டிப் போக மாட்டேன். அவர் கூப்பிடவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று, அக்காவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். பரீட்சைத் தாளிலிருந்து தலை நிமிராமல், "அந்த ஸ்டிக்கருக்குக் கீழே அவங்க பேரை எழுதிட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாரா என்று கேட்காதே. சொல்லவில்லை.

தம்பி